காலாற் பிறத்தல்

மலருக்கெனத் தமிழாசிரியரிடம் கட்டுரை கேட்டால் இலக்கியமே வருமென்று எதிர்பார்த்தல் இயல்பு. நாமோ மகப்பேறு பற்றி எழுதப் புகுந்தோம். சில ஆண்டுகளின் முன் எம் தலைப்பிள்ளை கருவிலிருந்த 36ஆம் வாரத்தில், "பிள்ளையின் தலை மேலே நிற்கிறது" என்று வைத்தியர் கூறி, எம் மனைவியாரிடம் ஒரு தாளில் ஒப்பங் கேட்டார். அத்தாள் எதற்கென வினவவும் அறியாது நின்றோம். எட்டு வேற்றுமையையும் ஒப்புவிக்க வல்ல நாவுக்கு அன்று ஒரு வினாத்தானும் எழவில்லை.

காலாற் பிறந்தவர் உழக்கினால் நாரிப்பிடிப்பு மாறும் என்பர் நம்மூரார். அது நிற்க. 28ஆம் வார அளவில் ஐந்து சிசுக்களுள் ஒன்று தலைமேலாக இருத்தல் புதுமையன்று. நாள் நிறையுமுன் பெரும்பாலானவை தாமே திரும்பிவிடும். நிறைமாதத்தில் நூற்றுக்கு மூன்று நான்கே அவ்வாறு எஞ்சும். நச்சுக்கொடி கீழே அமைதல், பனிநீர் மிகுதல் அல்லது குறைதல், கருப்பையின் வடிவம், இரட்டைப்பிள்ளை என்பன காரணமாகலாம். பல வேளைகளில் ஒரு காரணமும் புலப்படாது. தாயின் நடை, கிடை, உணவு ஆகியவற்றின்மேற் பழி சுமத்தும் பாட்டிமார் இதனைக் கவனிப்பாராக.

இடர் எங்கேயெனில், தலை முந்தும் பிரசவத்தில், உடலின் பருத்த பாகமாகிய தலை வழிக்கேற்பச் சிறிது சிறிதாக ஒடுங்கி இறங்கும். பின் எஞ்சியவை எளிதில் வரும். பிட்டம் முந்தினாலோ தலை கடைசியில் வரும், ஒடுங்க அவகாசமில்லை. அவ்வேளை தொப்புட்கொடி நெரிபட்டு உயிர்க்காற்றுத் தடைப்படலாம். கால் முந்தின், பனிக்குடம் உடைந்ததும் கொடி நழுவி வெளிப்படவுங் கூடும். ஆதலின் தலைமேலாக உள்ள தாய்க்கு நீர் உடைந்தால் நோவு தொடங்கட்டும் என்று காத்திராது வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்.

இதனைக் கண்டறிவது முதலிற் கையே. ஜேர்மானிய வைத்தியர் லியோபோல்டு வகுத்த முறைப்படி மருத்துவமாது வயிற்றின் மேற்பாகத்தைத் தடவுவார். அங்கே வன்மையாய், உருண்டையாய், உடல் அசையாது தான்மட்டும் அசைவது தலை. மென்மையாய் அகன்று உடலோடு சேர்ந்தசைவது பிட்டம். இதயவொலி தொப்புளுக்கு மேலே கேட்டாலும், தாய்க்கு உதை அடிவயிற்றில் உணரப்பட்டாலும் ஐயம் வலுக்கும். கையும் தவறும், ஆதலின் கழியொலிப் பரிசோதனை, அதாவது யாவரும் அறிந்த 'ஸ்கான்', முடிவு கூறும். இயன் டொனால்டும் அவர் துணைவரும் கிளாஸ்கோவிலிருந்து 1958இல் வெளியிட்ட ஆராய்ச்சியே இதற்கு வழி திறந்தது.

எம்மைத் திகைப்பித்த தாள், சிசுவை வெளியிலிருந்து கையாற் திருப்புதற்கு இசைவு கேட்டதாகும். தலைப்பிரசவமாயின் 36ஆம் வாரத்திலும், ஏனையோர்க்கு 37ஆம் வாரத்திலும் இதனைச் செய்வர். கருப்பையைத் தளர்த்த மருந்து கொடுத்து, பிட்டத்தை இடுப்பெலும்பினின்று மேலே உயர்த்தி, சிசுவைக் குட்டிக்கரணம் போடுவதுபோல் மெல்லத் திருப்புவர். இதயத் துடிப்பை முன்னும் பின்னும் நோக்குவர். ஏறக்குறைய பாதிப்பேருக்குக் கைகூடும். இருநூற்றில் ஒருவருக்கு அளவில் உடனடிச் சத்திரசிகிச்சை வேண்டிவருமாதலின், அதற்கு வசதியுள்ள இடத்திலேயே செய்வர். நச்சுக்கொடி வழியை மறைத்திருப்பின் செய்யார். வீட்டில் எண்ணெய் தடவித் திருப்புதல் கொடிய விளையாட்டு.

திரும்பாவிடில் யாது செய்வது? 26 நாடுகளில் 2,088 தாய்மாரிடை நடைபெற்று 2000இல் வெளியான ஆய்வு, முன்கூட்டித் திட்டமிட்ட சத்திரசிகிச்சையே சிசுவுக்குக் காவல் என்றது. உலகெங்கும் வைத்தியர் அதன்வழி நின்றனர். அத்தாய்மாருட் சிலரின் பிள்ளைகளை ஈராண்டின் பின் நோக்கியபோது இரு பகுதியாரிடையும் வேறுபாடு புலப்படவில்லை. 2006இல் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் எழுந்த ஆய்வோ, தக்க தாயைத் தெரிந்து, பழகிய கை உடனிருப்பின் இயற்கைப் பிரசவமும் ஏற்குமெனக் காட்டியது. அக்கை இன்று அருகிவருவதே எமக்குக் கவலை.

எம் பிள்ளை திரும்பவில்லை. 39ஆம் வாரத்தில் சத்திரசிகிச்சையாற் பிறந்தாள். இவ்வாறிருந்த சிசுக்களுக்கு இடுப்பு மூட்டு விலகல் மிகுதியாதலின், ஆறாம் வாரத்தில் அதனையும் ஸ்கான் செய்தனர், குறையில்லை. ஊரார்க்குமட்டும் ஓர் ஐயம் இன்னுந் தீரவில்லை: வயிற்றைக் கீறி எடுத்த பிள்ளை உழக்கினால் நாரிப்பிடிப்பு மாறுமா, மாறாதா?