முக்கால் அரண்மனை எங்கே போனது?

ஓர் அரண்மனையைப் பார்க்கப் போனால் என்னென்ன பார்ப்போம்? தூண்கள், சிற்பங்கள், அரசர் அமர்ந்த இடம் என்று அங்கே இருப்பதையெல்லாம் பார்ப்போம். ஆனால் மதுரையில் உள்ள திருமலை நாயக்கர் மகாலுக்குப் போகிறவர்கள், அங்கே இல்லாததைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஏன் தெரியுமா? இன்று நாம் காண்பது பழைய அரண்மனையில் ஏறக்குறைய கால் பங்குதான்!

விருதுநகர் மாவட்டத்தில் வத்திராயிருப்புக்குப் பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் கான்சாபுரம் என்ற ஊர் இருக்கிறது. நான் ஆசிரியராக வேலை பார்த்த காலத்தில், அந்தப் பகுதிப் பிள்ளைகளை ஒருநாள் சுற்றுலாவாக இந்த மகாலுக்கு அழைத்துச் சென்றோம். அப்போது ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்ட கேள்வியைத்தான் மேலே தலைப்பாகக் கொடுத்திருக்கிறேன்.

மணி ஒலித்த சாலை

கட்டுச்சோறும் தண்ணீர்ப் பாட்டிலுமாக விடியற்காலையில் பேருந்தில் ஏறினோம். கிருஷ்ணன்கோவில் வந்ததும், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குப் போகும் சாலையில் வண்டி சேர்ந்தது. "இந்தச் சாலைக்கு ஒரு கதை உண்டு" என்றேன். பிள்ளைகள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்டவர். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளிடம் அவருக்கு மிகுந்த பக்தி. கோயிலில் உச்சிக்கால பூசை முடிந்த பிறகுதான் சாப்பிடுவாராம். ஆனால் அங்கே பூசை முடிந்தது மதுரையில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? அதற்காக வழிநெடுகச் சிறு சிறு மண்டபங்கள் கட்டி மணி வைத்தார்களாம். ஒரு மண்டபத்து மணி ஓசை கேட்டதும் அடுத்த மண்டபத்தில் அடிப்பார்கள். அப்படியே சங்கிலி போல ஓசை மதுரைக்குப் போய்ச் சேருமாம். இது செவிவழியாக வந்த கதை. கைப்பேசி இல்லாத காலத்துக் கைப்பேசி!

டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் தாண்டி மதுரைக்குப் போய்ச் சேர்ந்தோம். மீனாட்சி அம்மன் கோயிலுக்குத் தென்கிழக்கே இருக்கிறது மகால்.

நான்கு பேர் கட்டிப்பிடித்த தூண்

வாசலைத் தாண்டியதும் திறந்தவெளி முற்றம். ஏறத்தாழ 240 அடி நீளம், 140 அடி அகலம். சுற்றிலும் வானத்தைத் தொடுவது போலத் தூண்கள். "அடேயப்பா!" என்று எல்லோரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

ஒரு தூணைச் சுற்றி நான்கு பிள்ளைகள் கைகோத்து நின்றார்கள். கணக்குப் பாடத்தில் படித்திருக்கிறோமே, சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் தூணின் விட்டம் சுமார் ஐந்து அடி! இங்கே மொத்தம் 248 தூண்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

முற்றத்துக்கு அப்பால் இருப்பது சொர்க்கவிலாசம். அரசர் கொலுவிருந்த மண்டபம் இதுதான். இதன் நடுவில் உள்ள குவிமாடம் சுமார் 60 அடி விட்டமும் 70 அடி உயரமும் கொண்டது. அண்ணாந்து பார்த்தால் உத்தரமோ இரும்புக் கம்பியோ எதுவும் தெரியாது. பிறகு எப்படி நிற்கிறது? செங்கற்களை வளைவாக அடுக்கினால் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பாரம் வளைவுகள் வழியாகத் தூண்களுக்கு இறங்கும். அவ்வளவு பாரத்தையும் தாங்க வேண்டும் என்பதால்தான் தூண்கள் அத்தனை பருமன்.

சுவரைத் தொட்டால் வழவழவென்று இருக்கும். சுண்ணாம்புச் சாந்தில் முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து பூசிய மெருகு அது. இதையடுத்து இருக்கும் நாடகசாலையில் அந்தக் காலத்தில் ஆடலும் பாடலும் நடந்தன.

ஒரு மாணவனின் கேள்வி

"இந்த அரண்மனையை 1636ஆம் ஆண்டு கட்டினார்கள். இப்போது இருப்பது கால் பங்குதான்" என்று சொன்னேன். உடனே அந்த ஏழாம் வகுப்புப் பையன், "அப்போ மீதி முக்கால் அரண்மனை எங்க போச்சு சார்? எதிரிங்க இடிச்சிட்டாங்களா?" என்று கேட்டான்.

நல்ல கேள்வி! பதில்தான் வேடிக்கையானது. பெரும்பகுதியைப் பிரித்தவர் திருமலை நாயக்கரின் சொந்தப் பேரன் சொக்கநாத நாயக்கர்! அவர் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றினார். அங்கே அரண்மனை கட்டுவதற்காக இங்கிருந்து பொருள்களைப் பெயர்த்து எடுத்துச் சென்றார் என்கிறது வரலாறு. எஞ்சியவற்றில் பல, கவனிப்பார் இல்லாமல் இடிந்தன. அரண்மனை இருந்த இடத்தில் வீடுகளும் கடைகளும் தெருக்களும் வந்துவிட்டன.

1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் முயற்சியால் மிச்சம் இருந்த கட்டடம் பழுதுபார்க்கப்பட்டது. பிறகு பல ஆண்டுகள் இங்கே நீதிமன்றம் நடந்தது. இப்போது தமிழகத் தொல்லியல் துறை இதைப் பாதுகாக்கிறது.

காணாமல் போன முக்கால் பங்கின் ஒரு துண்டையும் நாங்கள் பார்த்தோம். விளக்குத்தூண் பக்கத்தில் பத்துத் தூண் சந்து என்று ஒரு தெரு. கடைகளுக்கு நடுவே பத்துப் பெரிய தூண்கள் கூரை இல்லாமல் வரிசையாக நிற்கின்றன. அவையும் அரண்மனையைச் சேர்ந்தவைதான்! இவ்வளவு தூரம் பரவியிருந்ததா என்று பிள்ளைகள் மலைத்துப் போனார்கள்.

ஒரு சிட்டிகை அரண்மனை

மகாலில் நடந்த ஒன்றையும் உங்களிடம் சொல்ல வேண்டும். பல தூண்களில், பார்க்க வந்தவர்கள் தங்கள் பெயரைக் கீறி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்த ஒரு மாணவனுக்கும் ஆசை வந்துவிட்டது. ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்துவிட்டான். நான் எட்டுவதற்குள், கேள்வி கேட்ட பையன் அவன் கையைப் பிடித்தான். "ஏற்கெனவே முக்கால்வாசி போயிடுச்சுடா. நீயும் கொஞ்சம் சுரண்டி எடுத்துட்டுப் போகப் போறியா?" என்றான். காம்பஸ் மறுபடியும் பெட்டிக்குள் போய்விட்டது.

அவன் சொன்னது எவ்வளவு சரி! ஒருவர் கீறினால் உதிர்வது ஒரு சிட்டிகைச் சுண்ணாம்புதான். தினமும் எத்தனை பேர் வந்து போகிறார்கள்? ஆளுக்கு ஒரு சிட்டிகை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உதிர்ந்த மெருகுக்கு மேல் புதிதாகப் பூசினாலும், 1636இல் கொத்தனார்கள் தேய்த்த அந்தப் பழைய பூச்சு திரும்ப வராது.

நீங்களும் போகலாம்

மகாலுக்குப் போகும்போது ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டு போங்கள். பெயர் எழுத ஆசை வந்தால் அந்த நோட்டில் எழுதுங்கள்! பிடித்த ஒரு வளைவையோ சிற்பத்தையோ பார்த்து வரையுங்கள். பத்துத் தூணையும் மறக்காமல் பார்த்துவிட்டு வாருங்கள்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி. ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே திருமலை நாயக்கர் அரண்மனை ஒன்று இருக்கிறது. மதுரை மகாலைவிடச் சிறியது. வரும் விடுமுறையில் அப்பா அம்மாவுடன் போய்ப் பாருங்கள். அதன் தூண்களையும் வளைவுகளையும் மதுரை மகாலுடன் ஒப்பிட்டு, என்னென்ன ஒற்றுமை, என்னென்ன வேற்றுமை என்று ஒரு பக்கம் எழுதி உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள், பார்ப்போம்!