கோபத்தைக் கூட்ட முடியுமா?
தேர்தல் களம் - தொடர்

வாக்காளரின் உணர்ச்சி தேர்தலில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. சோர்ந்து கிடக்கும் சொந்தக் கட்சிக்காரரை வாக்குச்சாவடிக்கு வரவைக்கிறது. மாற்றுக் கட்சிக்காரரை ஒருமுறை தடம் மாற வைக்கிறது. இரண்டும் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதற்குத் தருமபுரி மாவட்டத் தேர்தல்கள் நல்ல சான்று.

முதல் சான்று பர்கூர். இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள அத்தொகுதி, அன்று ஒன்றுபட்ட தருமபுரியில் இருந்தது. 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு எழுந்த அனுதாப அலையில் அதிமுக - காங்கிரஸ் கூட்டணி மாநிலத்தையே வாரிச் சுருட்டியது. பர்கூரில் ஜெயலலிதா எளிதாக வென்று முதல்வரானார். 1996-இல் ஆட்சியின் மீதான கோபம் அனுதாபத்தின் இடத்தைப் பிடித்தது. அதே பர்கூரில், முதல்வராக இருந்த ஜெயலலிதாவைத் திமுகவின் இ.ஜி. சுகவனம் தோற்கடித்தார்.

அனுதாபம் ஒரே ஆண்டில் கரைந்ததும் உண்டு. பென்னாகரம் திமுக எம்.எல்.ஏ. பெரியண்ணன் மறைந்ததால் 2010 மார்ச்சில் இடைத்தேர்தல் வந்தது. அவருடைய மகன் இன்பசேகரன் ஆளுங்கட்சி பலத்தோடு வென்றார். பாமக இரண்டாமிடம் பிடிக்க, அதிமுக டெபாசிட் இழந்தது. 2011 பொதுத்தேர்தலில் பாமகவே திமுக கூட்டணிக்கு வந்துவிட்டது. இருந்தும் இன்பசேகரன், அதிமுக அணியில் நின்ற இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் நஞ்சப்பனிடம் தோற்றார்.

கோபத்தின் கணக்கு இன்னும் சிக்கலானது. ஒரு கலப்புத் திருமணத்தைத் தொடர்ந்து, 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. சாதிவாரியாக ஊர்கள் பிளவுபட்டிருந்த சூழலில் 2014 மக்களவைத் தேர்தல் வந்தது. மாநிலத்தில் 39-இல் 37 தொகுதிகளை அதிமுக அள்ளியபோதும், தருமபுரியில் பாமகவின் அன்புமணி சுமார் 4.68 லட்சம் வாக்குகளுடன் வென்றார். இரண்டாமிடம் வந்த அதிமுகவுக்குச் சுமார் 3.91 லட்சம்.

2019-இல் இந்த இரு கட்சிகளும் ஒரே அணி. காகிதக் கணக்கில் எட்டரை லட்சம் வாக்குகள் வர வேண்டும்; அன்புமணிக்குக் கிடைத்தவை சுமார் 5.04 லட்சமே. திமுகவின் செந்தில்குமார் 70,000-க்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்றார். மத்திய ஆட்சி மீதான அதிருப்தி மாநிலம் முழுக்க வீசிய தேர்தல் அது. ஆனால் அதே நாளில் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி சட்டமன்ற இடைத்தேர்தல்களிலும் மக்கள் வாக்களித்தார்கள். இரண்டிலும் அதிமுக வென்றது. எடப்பாடி பழனிசாமி ஆட்சியைத் தாங்கிப் பிடிக்க அந்த வெற்றிகள் உதவின. டெல்லிக்கு ஒரு மனநிலை, சென்னைக்கு ஒரு மனநிலை என்று பிரித்துப் பார்க்க வாக்காளருக்குத் தெரிந்திருந்தது.

அமெரிக்க அரசியல் அறிஞர் ஜார்ஜ் மார்க்கஸ் உள்ளிட்டோரின் ஆய்வுகள் இதை விளக்க உதவும். உற்சாகம் மனிதரைப் பழைய சார்பிலேயே நிறுத்துகிறது. கவலை புதிய தகவலைத் தேடவும் மறுபரிசீலனை செய்யவும் தூண்டுகிறது. கட்சி வாக்கைக் கூட்டணி பேசி ஓரளவு மாற்றித் தரலாம். உணர்ச்சி வாக்குக்கு இலக்கும் உண்டு, காலமும் உண்டு. இரண்டில் ஒன்று மாறினாலும் அதை அடுத்த தேர்தலின் கணக்கில் சேர்க்க முடியாது.

(தொடரும்)