பூண்டு தின்றால் பிரஷர் குறையுமா?

“காலையில் வெறும் வயிற்றில் ரெண்டு பல் பூண்டு தின்னு, பிரஷர் இறங்கிடும்” என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பொய்யில்லை. ஆனால் அதை நம்பி எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று தெரிந்துகொள்வது நல்லது.

பூண்டில் அப்படி என்ன இருக்கிறது?

உரித்த முழுப் பல்லை முகர்ந்தால் வாசனை அதிகம் வராது. நசுக்கியதும் நெடி ஏறும். பல்லுக்குள் அல்லியின் என்ற கந்தகப் பொருளும், அல்லினேஸ் என்ற நொதியும் (வேதிமாற்றத்தை வேகப்படுத்தும் புரதம்) தனித்தனியாக இருக்கின்றன. நசுக்கும்போது இரண்டும் கலந்து அல்லிசின் உண்டாகிறது. அதிலிருந்து பிறக்கும் கந்தகப் பொருட்கள் ரத்தக் குழாய்ச் சுவரைத் தளர்த்துகின்றன, அழுத்தம் குறைகிறது.

குழம்பில் முழுப் பல்லாகப் போட்டால்?

ருசிக்குக் குறைவில்லை. ஆனால் சூடு பட்டதும் நொதி செயலிழப்பதால் அல்லிசின் அதிகம் உண்டாகாது. ஆகவே பூண்டைத் தட்டி 10 நிமிடம் அப்படியே வைத்திருந்து, பிறகு அடுப்பில் சேருங்கள். ரசத்துக்கென்றால் இறக்கும் நேரத்தில் போடலாம்.

பிரஷர் எவ்வளவு குறையும்?

உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களிடம் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், மேல் அளவு சராசரியாக 8 புள்ளி, கீழ் அளவு 5 புள்ளி அளவுக்குக் குறைந்தது. 150 என்பது 142 ஆகலாம். அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுத்தது பூண்டு மாத்திரைகள். சமையல் பூண்டில் இதே பலனை எதிர்பார்க்க முடியாது.

கொழுப்பும் சர்க்கரையும்?

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், 192 பேரில் ஒரு பகுதியினர் பச்சைப் பூண்டும் மற்றவர்கள் பூண்டு மாத்திரையோ மருந்தில்லாத வெற்று மாத்திரையோ ஆறு மாதம் எடுத்தார்கள். யாருக்கும் கெட்ட கொழுப்பு குறிப்பிடும்படி குறையவில்லை. வேறு சில ஆய்வுகளில் சர்க்கரை சற்றுக் குறைந்தது. மருந்தைக் குறைக்க அது போதாது.

அப்படியானால் பிரஷர் மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. பூண்டு துணைக்கு மட்டும்தான். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல், வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுபவர்கள். பூண்டு மாத்திரையும் உறைதலைத் தடுப்பதால் ரத்தக் கசிவு கூடலாம். அறுவை சிகிச்சையோ பல் பிடுங்குவதோ இருந்தால், பூண்டு மாத்திரை சாப்பிடுவதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். வழக்கமாகச் சமையலில் சேர்க்கும் அளவுக்குப் பயம் வேண்டாம். வெறும் வயிற்றில் தின்று நெஞ்செரிச்சல் வந்தால், சோற்றோடு சேர்த்துச் சாப்பிடுங்கள்.

பூண்டு ஊறுகாய் இந்தக் கணக்கில் வருமா?

வராது. அதிலுள்ள உப்பு பிரஷரை ஏற்றிவிடும். ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பூண்டைக் கூட்டுவதற்கு முன் உப்பைக் குறையுங்கள்.