விதிக்கு அடங்கிய கற்பனை

அப்பல்லோ 8 விண்கலத்தில் மனிதர் முதன்முதலாகச் சந்திரனைச் சுற்றி வருவதற்கு எட்டு மாதங்கள் முன்பாக, 1968 ஏப்ரலில் வெளிவந்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ என்னும் ஆங்கிலப் படத்தின் ஆரூடங்களுள் பல பொய்த்துவிட்டன. அதில் ஆகாயப் பிரயாணிகளை ஏற்றிச் செல்வதாகக் காட்டப்பட்ட பான் அமெரிக்கன் விமானக் கம்பெனி 1991-இல் மறைந்தது; சந்திரனில் மனிதர் வாழும் நிலையம் இன்னும் எழவில்லை. ஆயினும் அப்படம் பழைமை தட்டாமல் நிலைத்திருப்பதற்கு, கற்பனையை இயற்கை விதிகளுக்கு அடங்கி நடக்கச் செய்ததே தலையாய காரணம் என்பேன்.

இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்குடன் திரைக்கதையை அமைத்தவர், பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றும் செய்தித் துணைக்கோள்களைப் பற்றி 1945-லேயே எழுதியவரும், இலங்கையைத் தம் வாசஸ்தலமாகக் கொண்டவருமான ஆர்தர் சி. கிளார்க். இருவரும் வேடிக்கையைவிட விஞ்ஞானத்தையே பெரிதாக மதித்தனர்.

எடையற்ற வெளியில் மனிதன் நடமாட வேண்டுமானால் சுழற்சியினால் பிறக்கும் விசை துணைபுரிய வேண்டும் என்பதால், ஏறக்குறைய 12 மீட்டர் குறுக்களவுள்ள ராட்சதச் சக்கரமொன்றை இங்கிலாந்தில் நிர்மாணித்து, நடிகர் அதன் அடிப்பகுதியிலேயே ஓடிக்கொண்டிருக்க, சக்கரத்தை அவர் காலடியில் சுழலவிட்டுப் படமாக்கினர். அத்தகைய சக்கரம் உண்மையில் சந்திரனிலுள்ள அளவு எடையைத் தருவதற்கு நிமிஷத்துக்கு ஐந்து முறை சுழல வேண்டும். உறங்கும் பிரயாணியின் கையிலிருந்து நழுவிய பேனா மிதக்கும் காட்சிக்கோ, பெரிய கண்ணாடித் தகட்டில் பேனாவை ஒட்டி, தகட்டை மெல்லச் சுழற்றினார்கள்; பணிப்பெண் அதைப் பற்றி எடுக்கும்போதும் பிரமை கலைவதில்லை.

இவற்றினும் அரிய துணிவு ஒன்று உண்டு. காற்றில்லாத இடத்தில் சப்தம் பிறவாது என்பதைப் பள்ளி மாணவனும் அறிவான். அறிந்தும், வெடிமுழக்கமின்றி விண்வெளிப் படம் எடுக்கத் துணிவோர் இன்றும் சிலரே. தலைக்கவசமின்றிச் சூனிய வெளியின் வழியே கப்பலுக்குள் பாயும் வீரன் போமன், கதவு வெடித்துத் திறந்து உள்ளே எறியப்படும்போது சிறு ஓசையும் கேட்பதில்லை. அவன் விசையை இழுத்து அறைக்குள் காற்றை நிரப்பிய பிறகே சப்தம் மீள்கிறது. அந்த நிசப்தம் நம் நெஞ்சைப் பிடித்து நிறுத்துமளவுக்கு எந்தப் பேரோசையும் நிறுத்தியதில்லை.

மந்தகதியில் செல்கிறது என்று இப்படத்தைக் குறை கூறுவோர் உளர். காற்றின் தடை சிறிதும் இல்லாத இடத்தில், சுழலும் விண்வெளி நிலையத்தின் வேகத்துக்குத் தன் சுழற்சியையும் இசைவித்துக்கொண்டு, மோதாமல் சென்று சேர வேண்டிய கலம் பொறுமையுடன்தான் நகர வேண்டும். அப்பொறுமைக்கு ஜோஹான் ஸ்ட்ராஸின் வால்ட்ஸ் இசையைத் துணையாக்கியதில் குப்ரிக்கின் ரசனை விளங்குகிறது.

எதிர்காலத்தைக் கணிப்பவன் தவறலாம். கம்பெனிகள் மறையலாம், யந்திரங்கள் மாறலாம். சூனியத்தின் மௌனமும் சுழற்சியின் விசையும் என்றும் மாறுவன அல்ல. அவற்றை மதித்து எழுந்த சிருஷ்டி, தன் ஆரூடங்கள் பொய்த்த பின்னும் உண்மையாகவே நிற்கிறது.