இரண்டு கணினியில் மெயில் பார்க்கிறீர்களா? இதைச் சரிபாருங்கள்

ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்ததே தெரியாது என்று ஆடிட்டரிடம் ஓடிவரும் சிறுதொழில்காரர்கள் பலருக்கு நேர்ந்தது ஒன்றுதான். நோட்டீஸ் வந்திருக்கிறது. ஆனால் அது கணக்கு எழுதுபவரின் கணினியில் இறங்கிவிட்டது. முதலாளியின் லேப்டாப்பில் இல்லை. கணக்கர் வேலையை விட்டதும் அந்தக் கணினியை ஃபார்மேட் செய்துவிட்டார்கள். ஜிஎஸ்டி சட்டத்தின் 169ஆம் பிரிவு, பதிவில் கொடுத்த மின்னஞ்சலுக்கு நோட்டீஸ் அனுப்புவதையும் நோட்டீஸை முறையாகச் சேர்ப்பித்ததாகவே ஏற்கிறது. 'பார்க்கவில்லை' என்ற பதிலை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

இதற்கு வைரஸ் காரணமல்ல. மெயில் கணக்கை அமைத்தவர் 'பாப்' முறையைத் தேர்ந்தெடுத்ததுதான் காரணம். ஒருவருக்கு ஒரு கணினி என்றிருந்த காலத்துக்கு ஏற்ற முறை அது. சர்வரில் உள்ள மெயிலைத் தன் கணினிக்கு இறக்கிக்கொள்ளும். அமைப்பைப் பொறுத்து சர்வரில் இருப்பதை அழித்தும்விடும். நீங்கள் அனுப்பிய மெயிலோ, அனுப்பிய கணினியிலேயே கிடக்கும். 'ஐமேப்' முறையில் எல்லாம் சர்வரில் இருக்கும். வந்தது, அனுப்பியது, படித்தது, ஃபோல்டர் என அனைத்தும் வீட்டிலும் அலுவலகத்திலும் போனிலும் ஒன்றுபோலத் தெரியும். ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் மெயில் பார்ப்பவர்கள் ஐமேப்பைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். சர்வீஸுக்கு வருபவர்கள் இதைக் கேட்பதே இல்லை; 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

ஐமேப்புக்கு மாற்றும்போது பழைய பாப் கணக்கை முதலில் நீக்காதீர்கள். எல்லாக் கணினியிலும் அந்தக் கணக்கின் அமைப்பைத் திறந்து, சர்வரில் பிரதி விடும் கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் கீழேயே, இத்தனை நாளில் சர்வரிலிருந்து நீக்கு என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலும் 14 நாள் என்றிருக்கும். இந்த 'நீக்கு' வரியின் டிக்கை மட்டும் எடுங்கள். ஒரே ஒரு கணினியில் விட்டுப்போனாலும் அது மற்ற எல்லோருடைய மெயிலையும் அழிக்கும்.

அடுத்தது நகல். கிளாசிக் அவுட்லுக்கில் ஃபைல், அக்கவுன்ட் செட்டிங்ஸ், டேட்டா ஃபைல்ஸ் என்று போனால் மெயில்கள் சேமிக்கப்பட்டிருக்கும் பிஎஸ்டி கோப்பு இருக்கும் இடம் தெரியும். அவுட்லுக்கை மூடிவிட்டு, அந்தக் கோப்பை வெளி ஹார்டுடிஸ்கில் நகலெடுங்கள். பிறகு அதே முகவரியை ஐமேப் கணக்காகப் புதிதாகச் சேர்க்க வேண்டும்; பாப் கணக்கை அப்படியே ஐமேப்பாக மாற்ற அவுட்லுக்கில் வழியில்லை. சர்வர் பெயரை மெயில் சேவை தருபவரிடம் கேட்டு வாங்குங்கள். போர்ட் 993, எஸ்எஸ்எல். பழைய மெயில்களைப் புதிய ஃபோல்டர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக காப்பி செய்யுங்கள், மூவ் வேண்டாம். அவை ஏறிவிட்டனவா என்று பிரவுசரில் திறந்து பார்த்த பிறகே பாப் கணக்கை நீக்குங்கள். பார்க்காமல் நீக்கவே நீக்காதீர்கள்.

காப்பி செய்யும் முன் சர்வரில் எவ்வளவு இடம் இருக்கிறது என்றும் கேளுங்கள். இலவச ஜிமெயிலில் 15 ஜிபி; டிரைவும் போட்டோஸும் அதற்குள்தான். நிரம்பிவிட்டால் புதிய மெயில் வராது.

ஐமேப் வைத்தாகிவிட்டதே என்று நகலை மறந்துவிடாதீர்கள். ஒரு கணினியில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும்; ஜிமெயிலின் குப்பைத்தொட்டியிலும் 30 நாள்தான் இருக்கும். மாதம் ஒருமுறை தனி டிஸ்கில் நகலெடுத்து வையுங்கள். ஊழியர் விலகினால் அன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஃபார்மேட் செய்ய வருபவரிடம் பிஎஸ்டி கோப்பு எங்கே என்று கேளுங்கள். அந்தக் கோப்பின் நகலை வேறொரு கணினியில் திறந்து காட்டும் வரை அவரைக் கணினியில் கைவைக்க விடாதீர்கள்.