ஆலைச் சுவரில் ஒரு கூடு



ஈஸ்டர் விடுமுறையில் நாங்கள் 11 பேர் ரயிலேறி நியூகாசில் போனோம். டைன் ஆற்றின் தென்கரையில், கேட்ஸ்ஹெட்டில், பால்டிக் என்ற உயரமான கட்டிடம் நிற்கிறது. 1950இல் மாவு ஆலையாகத் திறந்தது; 1981இல் மூடப்பட்டது. கிட்டிவேக் என்னும் கடற்காகங்கள் அதன் சுவர் விளிம்புகளில் குடியேறின.

கிட்டிவேக் குளிர்காலத்தை அட்லாண்டிக் பெருங்கடலிலே கழிக்கும். குஞ்சு பொரிக்கத்தான் கரைக்கு வரும். செங்குத்தான கடற்பாறையில், சேறும் புல்லும் சேர்த்துக் கூடு கட்டுவது அதன் வழக்கம். அதன் கண்ணுக்கு ஆலைச் சுவரும் ஒரு பாறைதான். நரி அங்கே ஏற முடியாது. கடலோ பல மைல் தூரத்தில்! தினமும் அங்கே பறந்துபோய் மீன் கொண்டுவர வேண்டும்.

ஆலையைக் கலைக்கூடமாக்க முடிவானபோது, இந்தப் பறவைகள் எங்கே போகும் என்ற கேள்வி எழுந்தது. அவற்றுக்கென்றே 1998இல் ஆற்றங்கரையில் ஒரு கோபுரம் கட்டினார்கள். கலைக்கூடம் 2002இல் திறந்தது. இன்று கோபுரத்திலும், டைன் பாலத்திலும், பால்டிக் சுவரிலும் கூடுகள் உண்டு. நாங்கள் பார்த்தபோது அலகில் சேற்றோடு பறவைகள் வந்துகொண்டிருந்தன.

எல்லாருக்கும் இது பிடிப்பதில்லை. நடைபாதையெல்லாம் எச்சம், நாற்றம், ஓயாத சத்தம். நர்ஸ் வேலை பார்க்கிற எங்களுக்கு அந்த முறைப்பாடு நன்றாகவே புரிகிறது. ஆனால் அழுக்கைக் கழுவிவிடலாம். விளிம்பை வலையால் மூடினால் பறவை அதில் சிக்கிச் சாகலாம். எண்ணிக்கை குறைந்ததால் 2015இல் பிரிட்டனில் இதைச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள்.

84ஆம் சங்கீதம் பாடியவர் தேவனுடைய வீட்டிலேயே குருவிக்கும் இடம் இருப்பதைக் கண்டார். நம் பெற்றோரும் பல வருஷம் வேறொரு சபையின் மண்டபத்தில்தான் ஞாயிறு பிற்பகலில் ஆராதித்தார்கள். நம் குழம்பு வாசனை அவர்கள் திரைச்சீலையில் ஏறியது. பிள்ளைகள் சுவரில் கிறுக்கினார்கள். ஆனாலும் சாவியை அவர்கள் திருப்பிக் கேட்கவில்லை.

இன்று நமக்குச் சொந்த மண்டபம் இருக்கிறது. சனிக்கிழமை மாலைகளில் அதைத் தருவீர்களா என்று எரித்திரேயச் சபையார் கேட்டிருக்கிறார்கள். சமையலறை அழுக்காகும் என்று நம்மில் சிலர் தயங்குகிறோம். வரும் வாலிபர் கூட்டத்தில் இதைப் பேசுவோம். துடைப்பத்தை யார் எடுப்பது என்பதையும் அன்றே முடிவு செய்வோம்.