கழுத்துத் தோலும் கண்ணின் விழித்திரையும்

கழுத்தின் இரு பக்கங்களிலும் மஞ்சள் நிறமான சிறு பொட்டுகள். தோல், இறகு பிடுங்கிய கோழித்தோல் போல இருக்கும். அக்குளிலும் முழங்கை மடிப்பிலும் வரலாம். நோவில்லை, பெரும்பாலும் கடியுமில்லை. சங்கிலி உரசியதாக்கும் என்று ஏதாவது பூசிவிட்டு மறந்துவிடுவோம். இப்படியான தோலைக் கண்டால் வைத்தியர்களாகிய நாம் கேட்பது கண்ணைப் பற்றி.

இது சூடோசாந்தோமா எலாஸ்டிகம் என்னும் அரிய பரம்பரை நோயாக இருக்கலாம். தோல், கண், இரத்தக்குழாய் ஆகியவற்றுக்கு இழுபடும் தன்மையைக் கொடுக்கும் தொடுப்பிழைய நார்களில் கல்சியம் படிகிறது. தோலிலும் கண்ணிலும் தெரிவது ஒரே நோயே என்பதை 1929இல் சுவீடனைச் சேர்ந்த கண் வைத்தியர் எஸ்தர் குரோன்பிளாட்டும் தோல் வைத்தியர் ஜேம்ஸ் ஸ்ட்ராண்ட்பெர்க்கும் எடுத்துக்காட்டினார்கள்.

விழித்திரைக்கு அடியில் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. கல்சியம் படிந்தால் அது அப்பளம் போல நொறுங்கும் தன்மை அடைகிறது. பார்வை நரம்பு தொடங்கும் இடத்திலிருந்து நாலாபக்கமும் வெடிப்புகள் ஓடும். வெடிப்பு இருந்தும் பல ஆண்டுகள் பார்வை நன்றாகவே இருக்கலாம். ஆனால் அதனூடாகப் புதிய இரத்தக்குழாய்கள் முளைத்துக் கசிந்தால் நடுப்பார்வை கெடும். ஓரப்பார்வை இருக்கும், வாசிக்கவோ முகம் அறியவோ முடியாது.

இதற்கு இப்போது கண்ணுக்குள் ஊசி மருந்து ஏற்றுகிறார்கள். கேட்கவே பயம்தான், ஆனால் கண்ணை விறைக்க வைத்தே போடுவார்கள். நோயை மாற்றாது, கசிவை அடக்கும். இழந்த பார்வை முழுதாகத் திரும்புவது அரிது என்பதால் நாட்களைக் கடத்தக் கூடாது. பிள்ளைகளின் சதுரக்கோட்டுக் கொப்பியை ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே பாருங்கள். கோடு நெளிந்தால் அன்றே கண் வைத்தியசாலையுடன் தொடர்புகொள்ளுங்கள்.

கண்ணைக் கசக்குவது, குத்துச்சண்டை, உதைபந்தைத் தலையால் அடிப்பது வேண்டாம். புகைத்தலும் வேண்டாம். இந்நோயில் வயிற்றில் இரத்தம் கசியக்கூடும். அஸ்பிரினை நீங்களாக எடுக்காதீர்கள்.

தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பரம்பரையலகு வந்தால்தான் இந்நோய் வரும். மச்சான் மச்சாள் கலியாணங்களில் அதற்கான வாய்ப்புக் கூடும். ஒருவருக்கு இருந்தால் கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சம்பந்தம் குழம்பிவிடும் என்று சகோதரங்களுக்கே மறைக்கும் குடும்பங்களின் கவலை எமக்கு விளங்காமலில்லை. ஆனாலும் அவர்களுக்குச் சொல்லுங்கள். கண்ணாடிக்கு இலக்கம் பார்ப்பது போதாது. கழுத்துத் தோலையும் காட்டி, கண்மணியை விரியவைத்து விழித்திரையைப் பார்க்கும்படி கேளுங்கள்.